ஐரோப்பா கடுமையாகச் சட்டம் போட்டால் பெரிய தளங்கள் கேட்குமா?

செங்கதிர் எழுதியது:

2025 டிசம்பர் 5 அன்று எக்ஸ் தளத்துக்கு ஐரோப்பிய ஆணையம் 12 கோடி யூரோ அபராதம் விதித்தது. டிஎஸ்ஏ எனப்படும் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் கீழ் வந்த முதல் அபராதம் இது. குற்றச்சாட்டுகள் மூன்று. ஆளைச் சரிபார்க்காமல், காசு கட்டியவருக்கெல்லாம் நீலக் குறி கொடுத்து மக்களை ஏமாற்றுகிறார்கள். யார் எந்த விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தார் என்று பார்க்க உதவும் களஞ்சியம் ஒழுங்காக இல்லை. பொதுவில் கிடைக்கும் தரவைக்கூட ஆய்வாளர்கள் எடுக்க விடாமல் தடுக்கிறார்கள்.

விசாரணை தொடங்கியது 2023 டிசம்பரில். முடிவு வர இரண்டு வருடம் ஆனது. அதே விசாரணையின் இன்னொரு பாதி, சட்டவிரோதப் பதிவுகளைப் பற்றியது, அப்போதும் முடியவில்லை.

சட்டத்தை இன்னும் இறுக்கினால் இவர்கள் பணிவார்களா, இல்லை அபராதத்தையும் ஒரு தொழில் செலவாக எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்களா? அபராதத் தொகையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம். இதுவரை எங்கெல்லாம் ஒரு தளம் உண்மையில் மாறியிருக்கிறதோ, அங்கே எது அதை மாற வைத்தது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர்களும் துறையில் இருப்பவர்களும் விவரமாக எழுதுங்கள்.

---

மறுபேச்சு எழுதியது:

யானைப் பசிக்குச் சோளப்பொரி. கணக்கைப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 23 அன்று டிஎம்ஏ எனப்படும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ அபராதம். மெட்டாவின் 2024 வருமானம் ஏறத்தாழ 16,450 கோடி டாலர், அதாவது ஒரு நாளைக்கு 45 கோடி. ஆப்பிளின் 2024 நிதியாண்டு வருமானம் 39,100 கோடி டாலர், ஒரு நாளைக்கு நூறு கோடிக்கும் மேல். இரண்டு பேருக்குமே அபராதம் அரை நாள் வருமானம்தான். உலக வருவாயில் 10 சதவீதம் வரை போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட யாரும் போகவில்லை.

தேடலில் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையை கூகுள் முன்னால் வைத்தது என்ற கூகுள் ஷாப்பிங் வழக்கை எடுங்கள். விசாரணை தொடங்கியது 2010-இல். 242 கோடி யூரோ அபராதம் 2017-இல். ஐரோப்பிய நீதிமன்றம் கடைசியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில். பதினான்கு வருடம். அதற்குள் அந்தச் சந்தையின் தலையெழுத்தே மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதே கூகுளுக்கு விளம்பரத் தொழில்நுட்ப வழக்கில் 295 கோடி யூரோ. திருந்தியிருந்தால் மறுபடி மறுபடி ஏன் அபராதம் வருகிறது?

---

ஒஸ்லோ_குமரன் எழுதியது:

மறுபேச்சு அண்ணை சொல்லுற கணக்குச் சரி. ஆனா நோர்வேயில நடந்ததை ஒருக்கா பாருங்கோ. நாங்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலகூட இல்லை, ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில மட்டும்தான் இருக்கிறம், அதால ஒன்றியத்தின்ர தரவுச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும்.

2023 ஜூலையில எங்கட தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டாவுக்கு ஓர் உத்தரவு போட்டது. நோர்வேயில இருக்கிற ஆக்களை, அவையின்ர சம்மதம் இல்லாமல் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. மூண்டு மாதத்துக்குத் தடை. கேட்காட்டி ஒரு நாளைக்குப் பத்து லட்சம் குரோனர். மெட்டா கேட்கேல்லை. ஆகஸ்ட் 14-ல இருந்து நாள் தண்டம் ஓடத் தொடங்கிச்சு. மெட்டா ஒஸ்லோ நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை கேட்டுது, கிடைக்கேல்லை.

பத்து லட்சம் குரோனர் எண்டா கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர். மெட்டாவுக்கு அது காசே இல்லை. ஆனா சம்மதம் கேட்கிற முறைக்கு மாறப்போறம் எண்டு மெட்டா அறிவிச்சது அதே ஆகஸ்ட் மாதம். அக்டோபர் கடைசியில ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் அந்தத் தடையை ஒன்றியம் முழுக்க விரிக்கச் சொல்லிச்சு. ஐஞ்சரை மில்லியன் சனம் உள்ள ஒரு நாடு தொடக்கினது இது.

ஏன் நடந்தது? உத்தரவு ஒரே ஒரு செயலைப் பற்றினது. "இதை நிப்பாட்டு, இந்தத் தேதிக்குள்ள நிப்பாட்டு." நிப்பாட்டிச்சா இல்லையா எண்டு எவரும் பாக்கலாம். நாள் கணக்கில தண்டம் ஓடேக்க, கம்பனிக்குள்ள ஒராள் ஒவ்வொரு காலையும் அதுக்குப் பதில் சொல்ல வேண்டி இருக்கும். பழைய பாவத்துக்கு ஒருதரம் கட்டுற பெரிய காசு அப்பிடி இல்லை. அதை வழக்கறிஞரிட்டக் குடுத்திட்டு மறந்திடலாம்.

---

தென்றல்_லைடன் எழுதியது:

குமரன் சொன்ன கதைக்கு முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் தெரியும். ஒரே ஒரு கேள்வி: "என்னைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்ட என்னிடம் கேட்டாயா?" இந்தக் கேள்விக்கு மெட்டா வருடா வருடம் என்ன பதில் சொன்னது என்று பாருங்கள்.

2018 மே 25: ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்த நாள். அன்றே மெட்டா, அப்போது ஃபேஸ்புக், "நீங்கள் எங்கள் விதிமுறைகளை ஏற்றுக்கொண்டீர்கள், அது ஒப்பந்தம், விளம்பரம் அந்த ஒப்பந்தத்தின் பகுதி" என்றது. அன்றே ஆஸ்திரியாவின் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்கிய நாய்ப் (noyb) என்ற தனியுரிமை அமைப்பு புகார் கொடுத்தது.

புகார் அயர்லாந்துக்குப் போனது. மெட்டாவின் ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில் இருப்பதால் அயர்லாந்து ஆணையம்தான் முன்னின்று விசாரிக்க வேண்டும். அவர்களுடைய வரைவு முடிவு மெட்டாவின் ஒப்பந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. மற்ற நாடுகளின் ஆணையங்கள் எதிர்த்தன. கடைசியில் ஐரோப்பிய வாரியம் குறுக்கிட்டு முடிவை மாற்ற வைத்தது. 2023 ஜனவரியில் 39 கோடி யூரோ அபராதம். நாலரை வருடம் போய்விட்டது.

2023 ஏப்ரல்: ஒப்பந்தம் போய், "நியாயமான வணிக நலன்" வந்தது, அதாவது எங்கள் தொழிலுக்குத் தேவை என்பதால் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்ற வாதம். ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அதையும் தள்ளியது. பிறகு நோர்வே.

2023 நவம்பர்: சம்மதம் கேட்டார்கள். எப்படி? சம்மதி, இல்லையென்றால் மாதம் 9.99 யூரோ கட்டு. கைபேசி வழியாகச் சேர்ந்தால் 12.99. 2024 நவம்பரில் அது 5.99, 7.99 ஆனது. 2025 ஏப்ரலில் இந்த "காசு அல்லது சம்மதம்" முறைக்குத்தான் அந்த 20 கோடி அபராதம். அதோடு கெடுவும் வைத்தார்கள்: மாறாவிட்டால் நாள் தண்டம். காசு கட்டாமல் குறைந்த தரவில் விளம்பரம் பார்க்கும் ஒரு வழி 2024 நவம்பரிலேயே வந்தது, ஆனால் அதை 2026 ஜனவரியிலிருந்து தெளிவான தெரிவாகத் தருவதாக மெட்டா இறங்கி வந்தது 2025 டிசம்பரில்தான்.

ஏழரை வருடத்தில் ஐந்து பதில். ஒவ்வொரு முறையும் ஒரு படி மட்டும் பின்வாங்கினார்கள், அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டும். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா? என்னைக் கேட்டால், சட்டம் வென்றது, ஆனால் அந்த ஏழரை வருடம் எடுத்த தரவும் சம்பாதித்த காசும் அவர்களிடமே இருக்கிறது. சட்டத்தை இன்னும் கடுமையாக எழுதுவதைவிட, ஒரு புகாருக்கு இத்தனை மாதத்தில் முடிவு சொல்லியே ஆக வேண்டும் என்ற கெடுவை அதிகாரிகளுக்கு வைப்பதுதான் அவசரம்.

---

ரமா.வி எழுதியது:

பெர்லினில் ஐஓஎஸ் செயலி எழுதுவதுதான் என் வேலை. ஆப்பிள் பக்கத்தைச் சொல்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் டிஎம்ஏ-வுக்கு இணங்க வேண்டிய கெடு 2024 மார்ச் 7. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஐரோப்பாவில் முகப்புத் திரையில் வைக்கும் வலைச் செயலிகளையே எடுத்துவிடப் போவதாக ஆப்பிள் சொன்னது. டெவலப்பர்கள் கொந்தளித்தார்கள், ஆணையம் கேள்வி கேட்டது, மார்ச் 1 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது. அதே மார்ச்சில் விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸின் ஸ்வீடன் டெவலப்பர் கணக்கை ஆப்பிள் முடக்கியது. ஆணையம் விளக்கம் கேட்டதும் இரண்டே நாளில் கணக்கு திரும்ப வந்தது. அபராதம் எதுவும் போடவில்லை. சட்டம் அமலில் இருந்தது, கேட்கும் இடத்தில் ஆள் இருந்தார், அது போதுமாக இருந்தது.

ஆனால் அதே சட்டத்துக்கு ஆப்பிள் 2024-இல் எழுதிய கட்டண முறையைப் படித்தால் வயிறு எரியும். புதிய விதிமுறைக்கு மாறினால், பத்து லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு முதல் நிறுவலுக்கும் வருடம் அரை யூரோ. இலவசமாகக் கொடுக்கும் செயலிக்கும் இதே கணக்கு. இலவச செயலி ஒன்று திடீரென்று பிரபலமானால் எழுதியவர் கடனாளி. விமர்சனம் வந்த பிறகு வருமானம் இல்லாதவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

வேறு கடையிலிருந்து செயலி நிறுவும் வழியையும் பாருங்கள். எபிக் நிறுவனத்தின் கணக்குப்படி முதலில் 15 படிகள், நடுவில் பயமுறுத்தும் எச்சரிக்கைத் திரைகள். பயனர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போகும்படி கட்டியிருந்தார்கள். ஆணையம் விடாமல் நெருக்கிய பிறகு, ஐஓஎஸ் 18.6-இல் அது ஆறாகக் குறைந்தது. சட்டம் "திற" என்றது. கதவைத் திறந்து வழியெல்லாம் முள் போட்டார்கள். ஒவ்வொரு முள்ளாக எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் மட்டும் போதாது, திரையைத் திறந்து படி எண்ணத் தெரிந்த பொறியாளர் ஆணையத்துக்குள் வேண்டும்.

2025-இன் 50 கோடி அபராதத்துக்கும் அப்படித்தான். அறுபது நாள் கெடு கொடுத்திருந்தார்கள். ஜூன் 26, கெடு முடியும் நாளில்தான் ஆப்பிள் புதிய கட்டண முறையை வெளியிட்டது. 50 கோடியை எதிர்த்து நீதிமன்றம் போய்விட்டார்கள், அது வருடக்கணக்கில் இழுக்கும். மறுநாளிலிருந்து ஓடக்கூடிய நாள் தண்டத்துக்குத்தான் மாறினார்கள்.

---

மயிலைவாசி எழுதியது:

ரமா சொன்ன, வேறு கடையிலிருந்து செயலி நிறுவும் வசதி சென்னையில் என் கையில் இருக்கும் ஐஃபோனில் இல்லை. ஐரோப்பியச் சட்டம் அங்கே மட்டும்தான். ஆனால் ஐரோப்பா பொதுச் சார்ஜர் விதி கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் வந்த ஐஃபோன் 15-இல் உலகம் முழுக்க யூஎஸ்பி-சி. விதி கட்டாயமாவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னாலேயே வந்துவிட்டது. வன்பொருளை நாட்டுக்கு நாடு வேறாகச் செய்தால் அவர்களுக்குத்தான் செலவு. மென்பொருளில் எல்லைக் கோடு போடுவது சுலபம். ஐரோப்பாவைப் பார்த்து உலகமே மாறும் என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நமக்கு வேண்டியதை நாமே கேட்டு வாங்க வேண்டும்.

---

மறுபேச்சு எழுதியது:

நாள் தண்டம் வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். நோர்வே விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல உதாரணம். ஆனால் நீங்கள் எல்லாரும் சட்டத்தைப் பேசுகிறீர்கள், அரசியலைப் பேசவில்லை.

2025 ஆகஸ்டில் டிரம்ப் வெளிப்படையாகவே மிரட்டினார்: அமெரிக்க நிறுவனங்களைக் குறிவைத்து டிஜிட்டல் வரியோ விதியோ போடும் நாடுகளுக்குக் கூடுதல் சுங்க வரி. கூகுள் அபராதம் வந்ததும் மறுபடி மிரட்டல். எக்ஸ் அபராதம் வந்த அதே டிசம்பரில், டிஎஸ்ஏ-வை முன்னின்று கொண்டுவந்த முன்னாள் ஆணையர் தியெரி பிரெத்தோனுக்கு அமெரிக்கா விசா தடை விதித்தது. ஒரு சட்டத்தை எழுதியதற்காக ஒரு மனிதர் அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது! நவம்பரில் ஆணையமே ஜிடிபிஆரைத் தளர்த்தும் திருத்தங்களை முன்வைத்துவிட்டது, "எளிமைப்படுத்தல்" என்ற பெயரில்.

வணிகப் பேச்சுவார்த்தை நடத்துவதும் இதே ஆணையம், அபராதம் போடுவதும் இதே ஆணையம். ஒரு கையில் சுங்க வரி ஒப்பந்தம், இன்னொரு கையில் அபராத உத்தரவு. எந்தக் கை தாழும் என்று நிறுவனங்களுக்குத் தெரியும்.

இன்னொரு கவலையும் உண்டு. எது சட்டவிரோதப் பதிவு என்று அரசு முடிவு செய்யும் அதிகாரம் பெரிதாகிக்கொண்டே போனால், நாளைக்கு வேறு அரசு வரும்போது அதே அதிகாரம் அவர்கள் கையில் இருக்கும்.

---

தென்றல்_லைடன் எழுதியது:

கடைசிக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் எக்ஸ் அபராதத்தில் ஒரு பதிவைக்கூட நீக்கச் சொல்லவில்லை. நீலக் குறி, விளம்பரக் களஞ்சியம், ஆய்வாளருக்குத் தரவு, இவ்வளவுதான். மூன்றுமே வெளியாள் உள்ளே எட்டிப் பார்க்க உதவும் விதிகள். அதைத் தணிக்கை என்று சொல்வது உண்மைக்கு மாறானது.

அரசியல் அழுத்தம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அமலாக்கத்தை ஆணையத்திலிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் கொடுக்க வேண்டும் என்ற கட்சி நான். ருமேனியாவில் 2024 டிசம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தேர்தல் தொடர்பாக டிக்டாக் மீது ஆணையம் அதே மாதம் விசாரணை தொடங்கியது. மறுதேர்தல் 2025 மே மாதத்தில் முடிந்து புதிய அதிபரே வந்துவிட்டார். விசாரணை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால்தான் நான் நாட்டு நீதிமன்றங்களைப் பார்க்கிறேன். டிஎஸ்ஏ-வின்படி, என்னைப் பற்றிய தரவை வைத்துத் தேர்ந்தெடுக்காத ஒரு பதிவு வரிசையைப் பெரிய தளங்கள் தர வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் அது இருந்தது. ஆனால் தேடிப் போய்த் தேர்ந்தெடுத்தாலும், செயலியை மூடித் திறந்தால் பழையபடி அவர்கள் பொறுக்கித் தரும் வரிசையே வந்து நிற்கும். இங்கே நெதர்லாந்தில் பிட்ஸ் ஆஃப் ஃப்ரீடம் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு இந்த ஒன்றை மட்டும் எடுத்து வழக்குப் போட்டது. 2025 அக்டோபர் 2, ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பயனர் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அது அப்படியே நிற்க வேண்டும், இரண்டு வாரம் அவகாசம், மீறினால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூரோ, ஐம்பது லட்சம் வரை. அக்டோபர் 29 நாடாளுமன்றத் தேர்தல் என்பதால் அவசரம் என்று நீதிமன்றமே சொன்னது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் புகாரிலிருந்து உத்தரவு வரை ஆனது வருடங்கள் அல்ல. பிரஸ்ஸல்ஸுக்கு வாஷிங்டன் போன் போடலாம், ஆம்ஸ்டர்டாம் நீதிபதிக்குப் போட முடியாது.

---

லா_சப்பல்_கடை எழுதியது:

எல்லாம் வாசிச்சன். பெரிய ஆக்களின்ர சண்டை. என்ர கதை சின்னது.

பாரிஸில உடுப்புக் கடை வைச்சிருக்கிறன். ஒரு பெரிய தளத்தில எங்கட கடைப் பக்கத்தை மூடிப்போட்டினம். பேர் சொல்லேல்லை. "சமூக விதிகளை மீறியது" எண்டு ரெண்டு வரி. எந்தப் படம், எந்த விதி, ஒண்டும் இல்லை. திருவிழாக் காலம், ஓடர் எல்லாம் அந்தப் பக்கத்தாலதான் வாறது. மறுபரிசீலனை கேட்டன், அனுப்பின கையோட "முடிவு மாறாது" எண்டு பதில். மனுசர் பாத்திருந்தா அவ்வளவு கெதியா வராது. பதிவுகள் எல்லாம் தமிழில. அவையிட்டத் தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கோ எண்டே தெரியேல்லை.

இந்தச் சட்டத்தால எனக்கு என்ன பிரயோசனம்?

---

ஒஸ்லோ_குமரன் எழுதியது:

தமிழ் விஷயத்தில டிஎஸ்ஏ சட்டத்திலயே ஓட்டை இருக்கு. பெரிய தளங்கள் எத்தினை பேர் மனுசராப் பதிவுகளைப் பாக்கினம் எண்டு மொழிவாரியா அறிக்கை குடுக்க வேணும். ஆனா அது ஒன்றியத்தின்ர 24 ஆட்சி மொழிகளுக்கு மட்டும்தான். தமிழ், அரபு, துருக்கி, குர்து ஒண்டுமே அந்தப் பட்டியலில வராது. இங்க லட்சக்கணக்கில சனம் அந்த மொழிகளில எழுதுது. கணக்குக் காட்டத் தேவை இல்லாத இடத்தில கம்பனி ஆள் வைக்காது. சட்டத்தை இறுக்கிறதெண்டா முதல்ல இந்த இடத்தில இறுக்க வேணும்.

---

தென்றல்_லைடன் எழுதியது:

லா சப்பல் அண்ணா, உங்களுக்குத்தான் இந்தச் சட்டம் நேரடியாகப் பயன்படும்.

ஒரு பக்கத்தை மூடினால் எந்த விதி, எந்த உண்மையை வைத்து, இயந்திரம் முடிவு செய்ததா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது டிஎஸ்ஏ-வின் 17-ஆம் பிரிவு. உங்களுக்கு வந்த இரண்டு வரி அதற்குப் போதாது. 20-ஆம் பிரிவின்படி, முறையீட்டுக்கு வரும் முடிவு இயந்திரம் மட்டும் எடுத்ததாக இருக்கக் கூடாது, தகுதியுள்ள ஊழியர் மேற்பார்வை வேண்டும். முறையிட ஆறு மாதம் அவகாசம் உண்டு.

அதிலும் தீரவில்லை என்றால் 21-ஆம் பிரிவு: நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் அமைப்புகள். டப்ளினில் அப்பீல்ஸ் சென்டர் யூரோப், ஜெர்மனியில் யூசர் ரைட்ஸ் என்று சில இருக்கின்றன. எந்தத் தளத்தை எடுப்பார்கள் என்று முதலில் அவர்கள் பக்கத்தில் பாருங்கள். உங்களுக்குச் செலவு இல்லை, அல்லது பெயருக்கு ஒரு சிறு தொகை. கட்டணம் தளத்தின் தலையில். பொதுவாக 90 நாளுக்குள் முடிவு. அந்த முடிவு தளத்தைக் கட்டுப்படுத்தாது, அதுதான் இதன் பலவீனம். ஆனால் நல்லெண்ணத்தோடு பேச்சில் ஈடுபட வேண்டிய கடமை தளத்துக்கு உண்டு.

கூடவே பிரான்சில் இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் ஆர்கோம் அமைப்புக்கும் ஒரு புகார் கொடுங்கள். தளம் அயர்லாந்தில் பதிவானதென்றால் அவர்கள் அங்கே அனுப்புவார்கள். மூடியதற்கு வந்த அறிவிப்பு, நீங்கள் அனுப்பிய முறையீடு, அதற்கு வந்த பதில், மூன்றிலும் நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அனுப்பிய கையோடு பதில் வந்ததற்கு அந்த நேரக் குறிப்புதான் சாட்சி.

---

லா_சப்பல்_கடை எழுதியது:

நன்றி தங்கச்சி. மூண்டும் மெயிலில கிடக்கு, நேரம் எல்லாம் இருக்கு. எந்தப் பிரிவு எண்டு ஒருத்தரும் முதல் சொல்லித் தரேல்லை. புகாரைத் தமிழில எழுதினா எடுப்பினமோ?

---

தென்றல்_லைடன் எழுதியது:

பிரெஞ்சில் எழுதுங்கள். மூடப்பட்ட பக்கத்தின் பதிவுகளைத் தமிழிலேயே இணைத்து, பக்கத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வையுங்கள். "இந்தப் பதிவுகளைத் தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது பார்த்தாரா?" என்று தனிக் கேள்வியாகவே கேளுங்கள். அதற்கு வரும் பதிலை இங்கே போடுங்கள். இதே மாதிரி மூடப்பட்ட மற்ற கடைக்காரர்களும் எழுதினால் சேர்த்துக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பு நான் பார்த்துத் தருகிறேன், தனிமடலில் அனுப்புங்கள்.